போகத் தெரியாதவர்

பழைய ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளைக்குள் கெப்பாசிட்டர் ஒருவர் தொப்பை வீங்கி உட்கார்ந்திருந்தார். உள்ளுக்குள் ஷார்ட் ஆகிப்போய், வருகிற கரன்ட்டை எல்லாம் அவர்தான் விழுங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் குப்புராஜ் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஃபியூஸ் போயிடுச்சு" என்றார்.

"பாவம், பூஞ்சை உடம்பு" என்று உச்சுக்கொட்டினார் கெப்பாசிட்டர்.

"உங்களாலதானே அவன் கருகிப் போனான்?" என்றது பக்கத்திலிருந்த டிரான்ஸ்ஃபார்மர்.

"மெல்லப் பேசுய்யா. போனவன் திரும்பி வந்து சாட்சியா சொல்லப்போறான்?"

குப்புராஜ் புது ஃபியூஸ் மாட்டி சுவிட்சைப் போட்டார். அதுவும் போனது. இன்னொன்று மாட்டினார். அதுவும் போனது. "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தாங்குற சக்தியே இல்லை" என்று கெப்பாசிட்டர் ஒவ்வொருத்தனுக்கும் துக்கம் கொண்டாடினார்.

"கடைக்கு எடுத்துட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி.

"ஒரு ஃபியூஸுக்குப் போய்க் கடையா?" என்ற குப்புராஜ், தடித்த செப்புக் கம்பி ஒன்றை வளைத்து ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகினார்.

"வாங்க தம்பி. நீங்க எப்போ போறதா உத்தேசம்?" என்று இளித்தார் கெப்பாசிட்டர்.

"எனக்குப் போகவே தெரியாதுங்கண்ணே. எவ்வளவு கரன்ட் வந்தாலும் அப்படியே உங்ககிட்ட அனுப்பிடுவேன்."

கெப்பாசிட்டருக்குக் குப்பென்று வியர்த்தது. "யோவ் டிரான்ஸ்ஃபார்மர், அந்தப் பூஞ்சைப் பயல்கள்ல ஒருத்தனையாவது கூப்பிடுய்யா!" என்று அலறினார்.

குப்புராஜின் விரல் அதற்குள் சுவிட்சுக்குப் போய்விட்டது.