முட்டைக் கதவு

"இந்தக் கூட்டை இப்பவே இடிச்சுத் தள்ளுறேன் பாரு!" என்று ஸ்தாமென் கத்தினார்.

"இடிங்கப்பா. பதினாறு கோழியும் உங்க கட்டில்ல படுத்துக்கட்டும்" என்றாள் மகள் ரலித்சா.

வேலிக்கு இந்தப் பக்கம் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த என் காதில் ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

வேலிச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டு பிளாமெனோடு மகள் பேசுகிறாள் என்று, அந்தச் சந்தை அடைத்தே கோழிக்கூடு கட்டினார் மனிதர். மகள் கொடுத்த வரைபடத்தைக் கோடு பிசகாமல் பின்பற்றினார். தளத்துக்கு சிமெண்டும் போட்டார். முட்டை எடுக்கும் கதவு கூட்டின் பின்பக்கம், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் திறக்கிறது என்பது கோழிகள் முட்டையிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நாலு முட்டை எடுக்க ரெண்டு மணி நேரமாடி?"

"கோழி எழுந்திரிக்க வேணாமாப்பா?"

ஸ்தாமென் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ரக்கியா சாராயத்தை ஊற்றிக்கொண்டார்.

வசந்தத்தில் கல்யாணம் முடிந்து இருவரும் வர்னா நகரத்துக்குக் குடிபோனார்கள். இப்போது தினமும் கூடையோடு என் தோட்டத்துக்கு வந்து முட்டை எடுப்பவர் சம்பந்தி ஸ்தாமென்தான்.

"இந்தப் படத்தை எந்த மடையன் வரைஞ்சானோ, சம்பந்தியம்மா!" என்று புலம்புவார்.

வரைந்தவன் என் மகன் பிளாமென். கதவைப் பின்பக்கம் வைக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்டதில்லை. நானும் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.