அசையாதீங்க ஐயா

"ஐயா, அசையக் கூடாதுன்னு சொன்னேனுங்களே!"

கதிர் சிகிச்சை டெக்னீஷியன் ஜோஸ்லின் வெளியறையிலிருந்து மைக்கில் கெஞ்சினாள். உள்ளே படுத்திருந்த சூசைமாணிக்கத்துக்கு மலக்குடலில் புற்றுநோய். எம்.ஆர்.ஐ. படம் பார்த்துக்கொண்டே கதிர் பாய்ச்சும் மிஷின் அது. ஆள் அசைந்தால் கதிரை நிறுத்தியாக வேண்டும். ஆனால் தடதடவென்று சத்தம் கிளம்பியதுமே அவருடைய வலது கை எழுந்து, விரல்களைக் குவித்துக்கொண்டு வாய்ப்பக்கம் போனது.

"தண்ணி வேணுங்களா?"

"ஒண்ணும் வேண்டாமுங்க அம்மணி."

மறுபடி சத்தம். மறுபடி கை.

தினமும் துணைக்கு வரும் பிலோமினாவைக் கூப்பிட்டுக் கேமராவில் காட்டினாள். பார்த்ததும் அந்தம்மா சிரித்துவிட்டார்.

"மில்லு ஞாபகமுங்க கண்ணு. அந்தச் சத்தத்துல பேசுனா கேக்காது, எல்லாம் கைச்சாடைதானுங்க. 'சாப்புட்டயா'ன்னு கேக்கறாரு."

"உங்களையா?"

"நான் அவருக்குத் தங்கச்சிங்க. கேக்கறது எங்க அண்ணியை. எதிர் மிஷின்ல நிக்கும். சாடையிலயே பேசிப் பேசித்தான் கல்யாணம் ஆச்சு. அது போய்ச் சேந்து பல வருசமாச்சுங்க."

ஜோஸ்லின் திரையில் அந்தக் கையை மறுபடி பார்த்தாள்.

"அவங்க என்ன பதில் சொல்லுவாங்க?"

பிலோமினா செய்து காட்டினார்.

ஜோஸ்லின் உள்ளே போனாள். அவர் கண்ணுக்கு நேராக நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தி, விழியை ஓரமாக உருட்டினாள். 'சும்மா இருங்க, மேஸ்திரி பாக்கறாரு!'

சூசைமாணிக்கம் சட்டென்று இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். அவள் வெளியே வந்ததும் மறுபடி சத்தம் கிளம்பியது; அது ஓயும்வரை அந்தக் கைகள் அசையவே இல்லை.

உதடு மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.