சங்கிலி இல்லாத தோப்பு

செல்லப்பா வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், ஒரு கன்றுக்குட்டி படுத்திருந்தது. கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, கீழே சாக்கு விரித்து, கொசுவத்திகூட ஏற்றி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே யோகலட்சுமிக்கு மனசு நிறைந்துவிட்டது.

“கன்னுக்குட்டிய வீட்டுக்குள்ளயே வச்சிருக்கீங்களே அண்ணாச்சி!”

“பிள்ளை இல்லாத வீடு டீச்சர். எங்களுக்கு இதுதான் பிள்ளை,” என்றார் செல்லப்பா. அவர் மனைவி உலகம்மை கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

யோகலட்சுமி தென்காசியில் பள்ளிக்கூட டீச்சர். தனி ஆள். துணை என்று சொல்ல முந்திரி என்ற லாப்ரடார் நாய் ஒன்றுதான். நாய்களை அவிழ்த்து ஓடவிட ஊருக்குள் ஓர் இடம் வேண்டும் என்று, நாய் வளர்க்கிற நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ரெண்டு வருஷமாக அலைந்தாள். மனுஷனுக்கே பார்க்கைக் காணோம், நாய்க்கு அது ஒரு கேடா என்று கேட்காத வாய் இல்லை.

கடைசியில் காலி மனை ஒன்றில் ஓடவிட்டார்கள். எந்தப் பாவியோ பிரியாணியில் விஷம் வைத்துவிட்டான். குரூப்பில் இருந்த ஷெர்லினின் நாய் துடிதுடித்துச் செத்தது. அன்றிலிருந்து முந்திரியைச் சங்கிலி இல்லாமல் வாசலுக்குக்கூட யோகலட்சுமி விடுவதில்லை.

அந்த நேரத்தில்தான் செல்லப்பா தானாகத் தேடி வந்தார். குற்றாலத்தில், மலையடிவாரத்தில், தன் மாந்தோப்பு சும்மாதான் கிடக்கிறது, நாய்களைத் தாராளமாக அவிழ்த்து விடுங்கள் என்றார். வாடகைப் பேச்சை எடுக்கவே விடவில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

இன்று யோகலட்சுமிதான் முதல் ஆளாக நாயோடு வந்திருந்தாள். வீட்டை ஒட்டித் தொழுவம், அதைத் தாண்டித் தோப்பு, தோப்பு முடிகிற இடத்தில் மலை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. தோப்பின் மூன்று பக்கமும் புதுக் கம்பிவேலி. மலைப் பக்கம் மட்டும் இடுப்பளவுக்கு ஒரு பழைய மண்சுவர்.

“இங்கன வேலி போடலியா அண்ணாச்சி?”

“மலையில இருந்து இறங்கி வந்து விஷம் வைக்க ஆரு இருக்கா டீச்சர்?”

நியாயம்தான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மரியாதையும் இல்லையே.

முந்திரியின் சங்கிலியைச் செல்லப்பாவே அவிழ்த்தார். ஊரில் ஆளையே இழுத்துக்கொண்டு ஓடுகிற நாய், இங்கே வாலைச் சுருட்டிக்கொண்டு அவள் காலோடு ஒண்டியது. மண்சுவரைப் பார்த்து அடித்தொண்டையில் உறுமியது. புது இடம், பழகிவிடும் என்றார் அவர்.

யோகலட்சுமி அன்றைக்கே ராயகிரிக்குப் போக வேண்டும். மறுநாள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம்; அங்கே நாயைச் சேர்க்க மாட்டார்கள். ஒரு ராத்திரிதானே, முந்திரி இங்கேயே இருக்கட்டும் என்று செல்லப்பாதான் யோசனை சொன்னார். சுவரோரமாகத் தகரக் கொட்டகை ஒன்றுகூடப் போட்டு வைத்திருந்தார்.

உலகம்மை வாசல்வரை கூடவே வந்தாள். “நாயையும் கூட்டிட்டுப் போயிருங்களேன் டீச்சர்,” என்றாள், வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

பாவம், நாயென்றால் பயம் போலிருக்கிறது என்று யோகலட்சுமி நினைத்தாள். “ஒண்ணும் செய்யாது மதினி. பச்சப்பிள்ள மாதிரி,” என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். அந்தக் கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் யோகலட்சுமிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. நாளைக்கே எல்லாரும் நாய்களைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இனி நம் பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று குரூப்பில் செய்தி போட்டாள்.

பொழுது சாய்ந்தது. தோப்பிலிருந்து முந்திரி விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரே ஒரு வீறிடல். அப்புறம் சாரல் சத்தம்தான்.

செல்லப்பா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு ஹாலுக்குள் போய், ஜன்னல் கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற மனைவியிடம் நீட்டினார்.

“சிறுத்தை இனி வீடு வரைக்கும் வராது. கன்னுக்குட்டிய தொழுவத்துலயே கட்டு.”