உரிக்காத தாள்

ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே ஒரு சிப்பும் ஒரு விசிறியும் குடியிருந்தன. நடுவில் புதுசாக ஒரு தகடு வந்து சேர்ந்தது. சிப்பின் சூட்டை வாங்கி விசிறியிடம் கொடுப்பதுதான் அதன் வேலை.

தகடு வந்த தெம்பில் சிப்பு தன் வேகத்தைக் கூட்டியது. பத்தே நிமிஷத்தில் கொதித்துப்போய், பெட்டியே அணைந்துவிட்டது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் அணைந்தது.

"விசிறியக்கா, நீ ஒழுங்காச் சுத்தினா எனக்கு ஏன் இந்த கதி?" என்று கத்தியது சிப்பு.

"இன்னும் எப்படிடா சுத்துறது? தலையே கிறுகிறுங்குது."

இன்னொரு தடவை அணைந்தால் தன்னைத்தான் கழற்றி எறிவார்கள் என்று விசிறி பயந்தது. தகட்டைத் தொட்டுப் பார்த்தது. ஜில்லென்றிருந்தது.

"ஏன்டி, உனக்குச் சூடே ஏறலையே?"

"அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கலைக்கா. உரிச்சா என் பளபளப்பு போயிடும்ல?"

"அடிப்பாவி! அதுதான்டி சூட்டைத் தடுக்குது, உரிக்கச் சொல்லு!"

"கூடவே கூடாது!" என்று குறுக்கே விழுந்தது சிப்பு. "புதுசு அப்படியே இருக்கட்டும். நீ சுத்துக்கா!"

மூன்றாம் தடவையும் பெட்டி அணைந்தது. கம்ப்யூட்டரின் சொந்தக்காரி வந்து விசிறியைக் கழற்றினாள். கூடவே தகடும் வந்தது. அடியில் தாளைப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டு, அதை உரித்துவிட்டு, இரண்டையும் பழையபடி மாட்டினாள்.

அதற்கப்புறம் விசிறி ஆடி அசைந்து சுற்றியது. சிப்புக்குக் குளுகுளுவென்றிருந்தது.

"பார்த்தியா தகடு," என்றது சிப்பு. "நாலு திட்டு திட்டினதும் அக்கா எப்படிச் சுத்துறான்னு!"