தீச்சட்டிக்காரர் மகளும் வேதபாடமும்

மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, நெற்றி நிறையத் திருநீறு. வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுக்க விரதமிருக்கும் தேனி வாழைக்காய் வியாபாரி முத்துக்கருப்பன் அறைக்குள் வந்து நின்ற தோரணையைப் பார்த்து, தலைமையாசிரியர் ஞானசிகாமணி மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். எதற்கும் இருக்கட்டும்.

முத்துக்கருப்பனுக்குப் பின்னால் அவர் மைத்துனன் விஜய்ராஜ். அவன் கக்கத்தில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் கனமாக ஏதோ ஒன்று.

“எம் மக பாண்டீஸ்வரி, எட்டாப்பு. வருசம் பூரா உங்க வேதபாட வகுப்புல உக்காந்திருக்கா. தெரியுமா சார்?”

ஞானசிகாமணிக்கு நன்றாகவே தெரியும். அது மிஷன் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், மற்றவர்களுக்கு நீதிபோதனை. அந்த நீதிபோதனை வகுப்பைக் கணக்கு வாத்தியார் ‘இன்னைக்கு ஒரு நாள் மட்டும்’ என்று ஜூன் மாதம் கேட்டு வாங்கினார். ஏப்ரல் வந்தும் அந்த ஒரு நாள் முடிந்தபாடில்லை. அல்ஜிப்ராவுக்குப் பயந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து வேதபாடத்தில் அடைக்கலம் புகுந்தன.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? மே மாதம் அவருக்கு ஓய்வு. டிவியில் நான்கு பேர் நான்கு பெட்டிக்குள் உட்கார்ந்து கத்த, ஐந்தாவது பெட்டியில் தன்னுடைய பாஸ்போர்ட் சைஸ் படம் இருப்பது அவர் கண்முன் வந்துபோனது.

“உக்காருங்கண்ணே. மோர் சொல்லவா?”

“மோரெல்லாம் வேணாம். நியாயம் வேணும். புள்ள ரெண்டு நாளாச் சோறு திங்கல சார்.”

உபவாசமேதான்! ஞானசிகாமணி முடிவே கட்டிவிட்டார்.

“தூக்கத்துலகூட வசனந்தேன் சொல்லுறா. அவ ஆத்தா ஒரு பக்கம் அழுகுறா. எதுத்த வீட்டு ஜோயலும் இதே வகுப்புதேன். அவுக வீட்டாளுக முகத்துல எங்களால முழிக்க முடியல.”

“தப்புதாண்ணே. நாளையிலிருந்தே பாண்டீஸ்வரிய நீதிபோதனைக்கு மாத்திடுறேன்.”

“எல்லாம் முடிஞ்சப்புறம் மாத்தி என்னத்துக்கு, நாக்கு வழிக்கவா?”

“வேதபாடம் எடுக்குற கிருபாவதி டீச்சரக் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன்.”

“கண்டிச்சாப் பத்தாது. அவுக செஞ்ச தப்ப அவுகளே சரி பண்ணணும்.”

ஞானசிகாமணி குரலைத் தாழ்த்தினார். “சரிண்ணே, இப்பிடிச் செய்வோம். புள்ள வேதபாடப் பரிட்சை எழுதவே இல்லன்னு வச்சுக்குவோம். அவ பேர அடிச்சு விட்டுர்றேன்.”

முத்துக்கருப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். “பாத்தியா மாப்ள! மூடி மறைக்கத்தேன் பாக்குறாக!”

“நாந்தேன் பஸ்ஸுலயே சொன்னேன்ல மாமா,” என்று விஜய்ராஜ் மஞ்சப்பையை ஒரு தட்டுத் தட்டினான். பை தொம்மென்றது.

ஞானசிகாமணியின் அப்பா போதகர். தாத்தா உபதேசியார். இருவரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கைவசமிருந்த கடைசி அஸ்திரத்தை எடுத்து வீசினார்.

“அண்ணே, வேதபாடத்தையே டைம் டேபிள்லருந்து தூக்கிடுறேன்! அந்த மணியையும் கணக்கு வாத்தியாருக்கே குடுத்துடுறேன்!”

ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு பிள்ளை “அய்யய்யோ” என்றது.

“எம் புள்ளைக்கு நியாயம் கேட்டு வந்தா, பாடத்தையே தூக்குவேங்குறீக?” முத்துக்கருப்பன் மேசையில் குத்திய குத்தில், முன்யோசனையோடு ஓரமாக வைக்கப்பட்ட டம்ளர் முதல் ஆளாகக் கீழே விழுந்தது. “மாப்ள, இவுக வழிக்கு வரமாட்டாக. எடுறா அத!”

விஜய்ராஜ் பைக்குள் கையை விட்டான்.

வாழைத்தார் வெட்டுகிற அரிவாள் எவ்வளவு நீளம் இருக்கும் என்று ஞானசிகாமணிக்கு அந்த நேரத்தில் போய் யோசனை வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

மேசைமேல் ‘தொப்’பென்று ஏதோ விழுந்தது. ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். வேதபாடப் புத்தகம்.

அவருக்கு உயிர் வந்தது. புத்தகத்தை முகத்தில் எறிந்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார்கள், எறிந்துவிட்டுப் போகட்டும். அரிவாளுக்குப் புத்தகம் எவ்வளவோ தேவலை. எறிவதற்கு வசதியாக முகத்தைச் சற்று முன்னால் நீட்டியும் கொடுத்தார்.

முத்துக்கருப்பன் எறியவில்லை. விரலை எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். முனை மடக்கி வைத்திருந்த ஒரு பக்கத்தில் நிறுத்தி, காப்புக் கட்டிய கையால் ஒரு வரியைக் காட்டினார்.

“படிங்க சார். சத்தமா.”

ஞானசிகாமணி படித்தார். எதிரே முத்துக்கருப்பனின் உதடுகளும் கூடவே அசைந்தன. ஒரு சொல் பிசகவில்லை.

படித்து முடித்ததும் முத்துக்கருப்பன் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

“இதத்தேன எம் மக பரிட்சையில அச்சு மாறாம எழுதியிருக்கா? ஜோயலுக்கு நூறு, அவளுக்கு மட்டும் எப்பிடி சார் தொண்ணூத்தொம்பதரை?”