ஆறு மணி வரைக்கும்

திருமுடிவாக்கத்துப் பட்டறையின் தகரக்கூரைத் துளைகள் வழியே காலை வெயில், திறந்து கிடக்கும் என்ஜின்மேல் பொட்டுப்பொட்டாய் விழுகிறது. வேலை பறிபோனதை மனைவி யூனிஸிடம் மறைத்து, நான்கு மாதங்களாக இந்தக் காருக்குள்ளேயே பகலைக் கழித்துவரும் அசரியா, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையுடன் நிற்கிறார். மெக்கானிக் கோதண்டம் கையிலுள்ள கரியைத் துணியில் துடைக்கிறார். “இனிமே ஓடாது சார். ஒடைக்கத்தான் லாயக்கு. ஆபீஸுக்கு லேட்டாவுதா, பைக்ல வுட்டுடவா?” புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஸ்டியரிங்குக்கு மேலே வெளிறிக் கிடக்கிறது, அதை எடுக்கச் சென்ற அசரியாவின் விரல்கள் தயங்கி மீள்கின்றன. “ஒடைச்சுக்கங்க. ஆறு மணி வரைக்கும் உள்ளே உக்காந்துக்கவா?” கோதண்டம் அவர் கையிலிருக்கும் சாப்பாட்டுப் பையைப் பார்க்கிறார். “உக்காரு சார். நான் பின்னாடி டயரக் கழட்டிக்கினு இருக்கேன்.” அசரியா ஏறிக் கதவைச் சாத்துகிறார். ஜாக்கி ஏற ஏற வண்டியின் பின்புறம் மெல்ல உயர்கிறது. முன்னால் சரியாதிருக்க அவர் ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறார்.