சுற்றக் கூடாத விசிறி

மேஜை விசிறி சுற்றியது.

அது சுற்றியிருக்கவே கூடாது. மிக்ஸிக்காரிக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பரீட்சைக்காகச் சுவிட்சைப் போட்ட டீச்சரின் நெற்றி முடி பறந்தது. கூடி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் பேயறைந்தவள் போல நின்றாள்.

காலையில் விசிறியின் அடித்தட்டைத் திறந்து, மோட்டாருக்குப் போகும் வயரை ஈயம் வைத்து ஒட்டாமல் அப்படியே தொங்கவிட்டு மூடியவள் அவள்தான். வேண்டுமென்றேதான் மூடினாள்.

ஊரார் தூக்கிப்போடும் மிக்ஸி, விசிறி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் டீச்சர் தொழில் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பட்டறைக்கு வரும். குப்பைமேட்டுக்குப் போகாமல் பிழைத்துத் திரும்பும். வேலை எதுவும் தெரியாமல் வரும் பெண்களும் அங்கே தொழில் கற்றுக்கொண்டு போவார்கள். அப்படிப் போவதில்தான் வம்பு. பரீட்சையில் தேறியவளுக்குக் கை நிறையக் கருவிகள், ஒரு வாழ்த்து. அவள் நாற்காலி மறுநாளே அடுத்தவளுக்கு. எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், நியாயம்தான்.

நியாயம் யாருக்கு வேண்டும்? பட்டறையின் பின்னறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா இருக்கிறார். மிக்ஸிக்காரியின் மகள் அங்கேதான் தூங்குகிறாள், அங்கேதான் நடக்கப் பழகினாள். புருஷன் லாரியை எடுத்துக்கொண்டு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். வெளியே போய்க் கடை போட்டால் பிள்ளையை யார் பார்ப்பது, ஸ்பேனரும் திருப்புளியுமா?

அதனால் எந்த மிக்ஸியைக் கொடுத்தாலும் உயிர் கொடுத்து மிக்ஸிக்காரி என்றே பேர் வாங்கியவள், பரீட்சை என்றால் மட்டும் கோட்டைவிட்டாள். ஒரு தடவை வயரை மாற்றி இணைத்தாள். இன்னொரு தடவை நட்டைத் தளர்த்தி வைத்தாள். பாவம், பயத்தில் கை உதறுகிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். இன்றும் அப்படியே நினைப்பார் என்று மலைபோல நம்பியிருந்தாள்.

விசிறியோ ஜம்மென்று சுற்றுகிறது.

யார் கை வைத்தது? டீச்சரா? அவர் காலையிலிருந்து இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அப்படியென்றால் பக்கத்து மேஜைக்காரிதான். சந்தேகமே இல்லை. அவளுடைய தங்கச்சி இங்கே ஒரு இடம் காலியாகாதா என்று காத்துக் கிடக்கிறாள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு இப்படியா?

கைதட்டல் ஓய்ந்ததும் மிக்ஸிக்காரி அவளை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"சத்தியமா சொல்லு. என் விசிறியை நீதானே சரி பண்ணினே?"

பக்கத்து மேஜைக்காரி திருதிருவென்று விழித்தாள்.

"நான் எதுக்குக்கா அதைத் தொடப்போறேன்? சாப்பிட்டுட்டு வந்து, பாப்பா உங்க செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்த கதையைச் சொன்னீங்கல்ல? சொல்லிக்கிட்டே நீங்கதான் அடித்தட்டைக் கழட்டி, வயருக்கு ஈயம் வச்சு, திரும்ப மூடினீங்க. பேச்சு ஒரு இடத்துலகூட நிக்கல. நான் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கதை சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பாப்பா நாலடி நடந்து பொத்தென்று உட்கார்ந்தது, அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தது, எல்லாம் இருந்தது. அந்த நேரத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பது மட்டும் சுத்தமாக ஞாபகம் இல்லை.

வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

டீச்சரைச் சந்தேகப்பட்டாயிற்று, கூட இருந்தவளைச் சந்தேகப்பட்டாயிற்று. சொந்தக் கையே கழுத்தறுக்கும் என்று யார் கண்டது?